மிலாறு பிரேமும் கோட்டுப் போட்ட அப்பாவும்

எங்க தேயிலத் தோட்டத்து வரிசை வீட்டு லயத்துல ஒருத்தரு பட்டம் வாங்குனா என்ன பரிசு குடுக்கணும்ன்னு யாருக்கும் தெரியாது. ஏன்னா அதுக்கு முந்தி யாரும் வாங்குனதில்ல. கல்யாணத்துக்கு என்ன, சடங்குக்கு என்ன, பிள்ளப் பொறந்தா என்ன, எல்லாத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. பட்டத்துக்கு இல்ல. அதனால கல்யாணத்துக்குக் குடுக்குறதையே குடுத்துட்டாங்க. என் தங்கச்சி கெம்பஸ் முடிச்சுப் பட்டம் வாங்குன அடுத்த வாரம் எங்க வீட்டுக் காம்பராவுல நாலு சுவர்க் கடிகாரம், மூணு கிளாஸ் செட்டு, ஒரு பெட்சீட்டு வந்து சேர்ந்துச்சு. நாலு கடிகாரமும் நாலு நேரம் காட்டுச்சு. பெட்சீட்டுல ஜோடிப் புறா. மாப்பிள்ள ஒண்ணுதான் பாக்கி.

நான் அக்காக்காரி. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல வேல பாக்குறேன். கொழுந்து பறிக்கப் போற பொம்பளைங்க கைப்பிள்ளைங்கள எங்கிட்ட விட்டுட்டுப் போவாங்க. அதுங்களுக்கு மூக்கத் தொடச்சு, பால் குடுத்து, ஒண்ண ஒண்ணு கடிக்காம பாத்துக்கிறது என் பொழப்பு. "தங்கச்சி படிக்கணும்ன்னு அக்கா தன் படிப்பையே விட்டுக்குடுத்துச்சு"ன்னு லயத்துல ஒரு கத ஓடிக்கிட்டு இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு, நானும் மறுத்துப் பேசுறதில்ல. உண்மை என்னான்னா நான் ஓ.எல். பரீட்சையில கணக்குப் பாடத்துல ரெண்டு தடவ ஃபெயில். தியாகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

பட்டமளிப்புக்கு வீட்டுக்கு ரெண்டு பாஸ் குடுத்தாங்க. அம்மாவும் நானும் அக்கரப்பத்தனையிலேருந்து மொத பஸ்ஸப் புடிச்சுப் போனோம். மலைய விட்டு இறங்குற ஒவ்வொரு வளைவுக்கும் நான் ஒரு தடவ வாந்தி எடுத்தேன். போய்ச் சேர்ந்தப்போ என் சீல இருந்த கோலத்துல, போட்டோவுக்கு நான் வரலன்னு சொல்லிட்டு பையக் காவல் காத்துக்கிட்டு நின்னுட்டேன். போட்டோக்காரன் மண்டபத்துக்கு வெளிய ஒரு சீலையக் கட்டி வெச்சிருந்தான். அதுல ரெண்டு தூணு, மேல நீல வானம். அவன் ஒரு மெசினு. எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரிதான்: அம்மாவ நாற்காலியில இருத்து, அப்பாவ நாற்காலிக்குப் பின்னால நிறுத்து, பட்டம் வாங்குன பிள்ளைய பக்கத்துல நிறுத்து, சிரி, அடுத்த ஆளு வா.

எங்க அம்மாவ இருத்துனான். கறுப்பு அங்கியும் தோள்ல மஞ்சப் பட்டியுமா தங்கச்சிய வலப்பக்கம் நிறுத்துனான். அப்புறம் நாற்காலிக்குப் பின்னால பாத்துட்டு, அப்பா எங்கன்னு சிங்களத்துல கேட்டான். அம்மாவுக்குச் சிங்களம் அரகொறதான், ஆனா அது வெளங்கிடுச்சு. கைய விரிச்சு "இல்ல"ன்னு காட்டுனாங்க. கொஞ்சம் அறிவு இருந்தா ரெண்டு பேரையும் நடுவுக்கு நகத்தி நிறுத்தியிருப்பான். பின்னால கியூ அனுமார் வாலு மாதிரி நிக்குது, அவனுக்கு அவசரம். அப்படியே அடிச்சுட்டான். அதனால எங்க குடும்பத்துப் போட்டோவுல வலப்பக்கம் தங்கச்சி, இடப்பக்கம் நாற்காலியில அம்மா, அம்மா தலைக்கு மேல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு வெறும் வானம்.

"போட்டோ கோணலா இருக்குக்கா"ன்னா தங்கச்சி, கையில வாங்கிப் பாத்துட்டு. "ஒரு பக்கம் பாரமா இருக்கு, ஒரு பக்கம் வெறிச்சுன்னு இருக்கு."

"வெட்டிட்டு மாட்டுவோம்"ன்னேன்.

"வேணாம். அது அப்படியே இருக்கட்டும்." அப்புறந்தான் அதிகாரம் பண்ண ஆரம்பிச்சா. "ஆனா கடையில பிரேம் வாங்கிறாத. தங்கக் கலருல பிளாஸ்டிக் ரோசாப்பூ ஒட்டுன பிரேமுக்குள்ள என்னயப் போட்டா நான் வீட்டுக்கே வர மாட்டேன், சொல்லிட்டேன். நீயே கையால செஞ்சு வை. அடுத்த ஞாயிறு வந்து பாப்பேன்." சொல்லிட்டு அவ பாட்டுக்குத் திரும்ப பஸ் ஏறிட்டா. கெம்பஸ்லயே தற்காலிகமா ஒரு வேல கெடச்சிருந்துச்சு. பட்டம் அவளுக்கு, வேல எனக்கு.

எங்க சுவத்துல அது வரைக்கும் ரெண்டே படந்தான் இருந்துச்சு. ஒண்ணு முருகன், இன்னொண்ணு அப்பா. அப்பா போயி பத்து வருசம் ஆச்சு. தங்கச்சி ஓ.எல். எழுதுன வருசம் நெஞ்சு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், பொட்டியிலதான் திரும்பி வந்தாரு. அந்த மனுசன் போட்டோவுக்கு நின்னதே கெடையாது. யாராவது கெமராவத் தூக்குனா வாளியத் தூக்கிக்கிட்டுப் பீலிக்குத் தண்ணி புடிக்கப் போயிடுவாரு. இருந்த ஒரே போட்டோ அடையாள அட்டையில இருந்ததுதான். அத டவுன் ஸ்டூடியோவுல குடுத்துப் பெருசாக்கச் சொன்னோம். அந்தப் புண்ணியவான் கேக்காம கொள்ளாம எங்கப்பாவுக்கு ஒரு கறுப்புக் கோட்டும் செவப்பு டையும் போட்டு விட்டுட்டான். சாவு வீட்டுக்காரங்க போயி டைக்காகவா சண்ட புடிக்கிறது? அப்படியே மாட்டிட்டோம். அடையாள அட்டைய, மரணம் பதியப் போனப்போ வாங்கிக்கிட்டாங்க. ஸ்டூடியோவையும் மூடிட்டான், இப்போ அங்க போன் கவர் விக்கிறாங்க. ஆக, எங்கப்பா மூஞ்சின்னு இந்த ஒலகத்துல மிச்சம் இருந்தது அந்தக் கோட்டுக்காரப் படம் ஒண்ணுதான்.

உசுரோட இருந்தப்போ அவருக்குக் கோட்டுன்னா என்னான்னே தெரியாது. அவரு கவ்வாத்துக்காரரு. தேயிலச் செடி ஓங்கி வளந்துட்டா, சில வருசத்துக்கு ஒரு தடவ முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவாங்க, அதுதான் கவ்வாத்து. இடுப்புல ஒரு சாக்கச் சுத்திக்கிட்டு, கையில வளஞ்ச கத்தியோட நாள் பூரா குனிஞ்சு வெட்டுவாரு. வெட்டி விழுற கிளைய மிலாறுன்னு சொல்லுவோம். எங்க அடுப்பெல்லாம் அதுலதான் எரியுது.

அம்மா தெனமும் காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போறதுக்கு முந்தி, கொழுந்துக் கூடக் கயித்தத் தலையில மாட்டிக்கிட்டு அந்தப் படத்துக்கு முன்னால ஒரு நிமிசம் நிப்பாங்க. கும்புடுறதுக்கு இல்ல, திட்டுறதுக்கு. "யோவ், கூர ஒழுகுது, நீ பாட்டுக்கு நிக்கிற." "யோவ், சின்னவளுக்குக் காய்ச்ச. உனக்கென்ன, கோட்டு போட்டுக்கிட்டு வெறப்பா நில்லு." சாயந்திரம் வந்ததும், "யோவ், வந்துட்டேன்." அப்பா இருந்த வரைக்கும் அம்மா அவர ஒரு நாளும் யோவ்ன்னு கூப்புட்டது இல்ல. "இந்தாங்க"ன்னுதான் கூப்புடுவாங்க, அதுவும் பாதி வாய்க்குள்ள. மத்த வீட்டுல செத்தவங்களுக்கு மரியாத கூடும், எங்க வீட்டுல கொறஞ்சுடுச்சு. திருப்பிப் பேச ஆளில்லாத தைரியம்ன்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

சரி, பிரேம் கதைக்கு வர்றேன். போன்ல தேடுனா, ஒரு புள்ள நீட்டு நகத்துக்கெல்லாம் சாயம் பூசிக்கிட்டு ஐஸ்கிரீம் குச்சியில பிரேம் செய்யுறா. அஞ்சே நிமிசம், பின்னால மியூசிக் வேற. எங்க ஊரு குளுருக்கு அத்தன ஐஸ்கிரீம் தின்னா நெஞ்சு சளி கட்டிச் செத்துருவோம். குச்சிக்கு எங்க போறதுன்னு யோசிச்சுக்கிட்டு அடுப்புக்கு முன்னால குந்தியிருந்தப்போதான் கையில இருந்த மிலாறு கண்ணுல பட்டுச்சு. ஊதுகொழலக் கீழ போட்டுட்டு எந்திரிச்சுட்டேன்.

எங்க லயத்துக்கு மேல் மலையில அப்போதான் கவ்வாத்து முடிஞ்சிருந்துச்சு. ஜனங்க கெடச்சதக் கட்டித் தூக்கிட்டுப் போறாங்க, நான் மட்டும் ஒவ்வொரு குச்சியா எடுத்து, ஒத்தக் கண்ண மூடிப் பாத்து, வளஞ்சிருக்குன்னு தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்தேன். தேயில மிலாறுல நேரான குச்சி தேடுறது தவளைக்குக் கழுத்து தேடுற மாதிரி. மேல ரோட்டுல மோட்டார் பைக்க நிறுத்தி, மலை வேலைய மேற்பார்வ பாக்குற கண்டாக்கு ஐயா பாத்துக்கிட்டே இருந்தாரு.

"என்னாம்மா, வெறகுக்கு மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்குற?"

"பட்டதாரிக்கு பிரேமுங்க ஐயா."

"அப்ப நல்லாப் பாரு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு சிரிச்சத அன்னைக்கித்தான் பாத்தேன்.

கட்டவிரல் தடிப்புல எட்டுக் குச்சி தேறுச்சு. பாசி புடிச்ச பட்டைய உரிக்கல, அதுதான் அழகுன்னு எனக்குத் தோணுச்சு. மூணு நாள் அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டுக் காய வெச்சேன். அப்பாவோட கவ்வாத்துக் கத்தி கூரையில சொருகியிருந்துச்சு, அத எடுத்துத் துரு போகத் தீட்டி நறுக்குனேன். மொத வெட்டுலேயே கட்டவிரல்ல ஒரு துண்டு போச்சு. பக்கத்துக்கு ரெண்டு குச்சி, நாலு பக்கம். அளந்துதான் வெட்டுனேன், சத்தியமா அளந்தேன். ஆனா சேத்து வெச்சுப் பாத்தா ஒரு பக்கம் நீட்டம், ஒரு பக்கம் கட்ட, ஒரு மூலையும் இன்னொண்ணோட பேச்சு வார்த்தையில இல்ல. கணக்குல ஏன் ரெண்டு தடவ ஃபெயிலானேன்னு எனக்கே அன்னைக்கித்தான் நல்லா வெளங்குச்சு. பிள்ளைக் காம்பராவுல இருந்து கொண்டு வந்த பசை ஒட்டல. கடைசியா வெறகுக் கட்டக் கட்டுற மாதிரி மூலைக்கு மூல கம்பியச் சுத்தி முறுக்கி விட்டேன். எதுத்த காம்பராப் பெரியம்மா எட்டிப் பாத்துட்டு, "ஏம்புள்ள, கோழிக்குக் கூடா?"ன்னு கேட்டாங்க. "ஆமா, நீங்க வந்து முட்ட விடுங்க"ன்னேன். அவங்க மூஞ்சத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். கோழிக்கூடோ குருவிக்கூடோ, அத நிமித்தி வெச்சு எட்ட நின்னு பாத்தப்போ எனக்கு மனசு நெறஞ்சுடுச்சு. அப்பா வெட்டுன மலையோட குச்சி, அப்பா கத்தியால நறுக்குனது. அப்பா படத்துக்குப் பக்கத்துல ஜோடியா தொங்கணும்ன்னு அவரு படத்த வெச்சு அளந்துதான் செஞ்சிருந்தேன். எனக்கு வேற எதுவும் இந்த மாதிரி ஒழுங்கா வந்ததில்ல.

சனிக்கெழம லீவு போட்டுட்டு டவுனுக்குப் போயி அதே அளவுக்கு ஒரு கண்ணாடி வெட்டி, பேப்பர்ல சுத்தி, பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டு வந்தேன். பாதி வழியில ஒரு மனுசன் லீக்ஸ் மரக்கறி மூட்டையோட ஏறுனாரு. பிரேக் போட்டான். மூட்ட என் மடியில. சத்தம் பஸ்ஸுக்கே கேட்டுச்சு. அந்த ஆளு பதறிப் போயி, "மன்னிச்சுக்க தங்கச்சி"ன்னு மூட்டையப் பிரிச்சு ரெண்டு கட்டு லீக்ஸ எடுத்து என் கையில வெச்சாரு. அத வெச்சு நான் போட்டோவ மூடவா? திருப்பி டவுனுக்குப் போறதுக்குள்ள கட சாத்திருவான். மறுநாள் ஞாயிறு, தங்கச்சி வர்றா, லயமே மத்தியானச் சாப்பாட்டுக்கு வருது. லீக்ஸக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா மலையில. வீட்டுல யாருமில்ல. காம்பரா நடுவுல நின்னுக்கிட்டு சுவத்தப் பாத்தேன். சுவத்துல அப்பா. அவருக்கு முன்னால ஒரு கண்ணாடி. நான் அளந்த அதே அளவு.

இரவல்தானே, ஒரு நாளைக்குத்தானேன்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழம விருந்து முடிஞ்சதும் திங்கக்கெழம வேற கண்ணாடி வாங்கித் திருப்பிப் போட்டுடலாம். ஒரு நாளைக்குக் கண்ணாடி இல்லாம நின்னா அவருக்கு என்ன, சளியா புடிக்கப் போவுது? "அப்பா, கோவிச்சுக்காதீங்க"ன்னு சொல்லிட்டு ஆணியிலேருந்து கழட்டுனேன். பின்னால இருந்த அட்டைய எடுத்தேன். படம் வரல. நகத்த விட்டு ஓரத்துல நெம்புனேன். கொஞ்சம் வந்துச்சு. அப்புறம் பொறும இல்லாம ஒரு இழுப்பு இழுத்தேன்.

சர்ருன்னு ஒரு சத்தம்.

பத்து வருசத்து மழ, பத்து வருசத்துப் பனி, கூர ஒழுக்கு, அடுப்புப் பொக. எங்க ஊருல தீப்பெட்டியே நமுத்துப் போவும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு இடைவெளியும் விடாம அந்த ஸ்டூடியோக்காரன் அடச்சு வெச்சிருந்தான். படம் கண்ணாடியோட பசையாட்டம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நான் இழுத்த இழுப்புல கோட்டெல்லாம் தாளோட வந்துடுச்சு. மூஞ்சி மட்டும் கண்ணாடியிலேயே தங்கிடுச்சு. என் ஒரு கையில கோட்டு இருக்கு, ஆளு இல்ல. இன்னொரு கையில தலையும் கழுத்தும் ஒரு டை முடிச்சும் இருக்கு, ஒடம்பு இல்ல.

கத்தி முனைய விட்டு மூஞ்சிய மெதுவா எடுத்துத் தாள்ல திரும்ப ஒட்டிடலாம்ன்னு பாத்தேன். காது ஓரத்துல துளி பொரிஞ்சு விழுந்துச்சு. கத்தியத் தூக்கி எறிஞ்சுட்டேன்.

தங்கச்சிக்குப் போன் அடிச்சேன். "உன் போன்ல அப்பா படம் இருக்காடி?"

"இருக்கே, ஏன்?"

"சும்மா. அனுப்பு."

"நீ சும்மா எதுவும் கேக்க மாட்டியே."

"அனுப்புடி, சனியனே!"

அனுப்பிட்டா. எனக்கு உசுரு வந்துச்சு, தொறந்து பாத்தேன், போயிடுச்சு. சுவத்துல தொங்குன படத்தத்தான் போன்ல புடிச்சிருக்கா. பிளாஷ் போட்டுப் புடிச்சிருக்கா. கோட்டு பளிச்சுன்னு தெரியுது, டை தெரியுது, மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல கண்ணாடியில வெளிச்சம் அடிச்சு ஒரு வெள்ள உருண்ட. கெம்பஸ்ல நாலு வருசம் என்னதான் படிச்சாளோ.

அம்மா வழக்கத்த விட அர மணி முந்தியே வந்துட்டாங்க. மழ இறக்கிடுச்சு. முன் வாசல் இஸ்தோப்புல கூடைய இறக்கி வெச்சுட்டு, மழைக்குத் தலையில போட்டிருந்த படங்குச் சாக்க உதறிக்கிட்டே உள்ள வந்தாங்க.

"யோவ், வந்துட்..."

சுவத்துல வெறும் ஆணி. அம்மா ஆணியப் பாத்தாங்க, என்னயப் பாத்தாங்க.

"எங்கடி உங்கப்பா?"

"தொடைக்கிறதுக்குக் கழட்டுனேன்மா."

"யாரு, நீயா? தொடைக்கிறதுக்கா?"

அதுக்கு மேல எனக்குப் பொய் வரல. எல்லாத்தையும் சொல்லிட்டேன், லீக்ஸ் மூட்ட உட்பட. சொல்லச் சொல்ல அழுக முட்டிக்கிட்டு வந்துச்சு. அப்பா செத்தன்னைக்கிக் கூட நான் அப்படி அழுதது இல்ல. அன்னைக்கி அவரு போனது யாரு கையிலயும் இல்ல. இது என் கையால. அம்மாவுக்கு இருந்த ஒரே மூஞ்சிய நான் ஒரு கோழிக்கூட்டுக்காகப் பிச்சு எடுத்துட்டேன். "அடிச்சுப் போடுங்கம்மா"ன்னு தரையில உக்காந்துட்டேன்.

அம்மா அடிக்கல. ஈரக் கையச் சீலையில தொடச்சுக்கிட்டு மொதல்ல அந்தத் தாள எடுத்தாங்க. கோட்டு மட்டும் இருக்குற தாளு. அத அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் நாலா மடிச்சு நேரா அடுப்படிக்குப் போயி எரியுற மிலாறுக்கு நடுவுல சொருகிட்டு வந்தாங்க.

"அம்மா!"

"போகட்டும், சனியன்"ன்னாங்க. "பத்து வருசமா எனக்கு அந்தக் கோட்டக் கண்டாலே ஆவாது. உங்க சொந்தக்காரங்கள்லாம் அழகா இருக்கு, தொர மாதிரி இருக்குன்னாங்க, நான் என்னத்தச் சொல்றது? காலையில எந்திரிச்சா சுவத்துல யாரோ ஒரு ஆபீசு ஐயா நின்னு என்னய மொறச்சுக்கிட்டு இருக்கான். உங்கப்பாவ நான் யோவ்ன்னு கூப்புடுவேனாடி? அந்தக் கோட்டுக்காரனத்தான் கூப்புட்டேன்."

அம்மா கண்ணாடிய எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் புடிச்சுப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"மூஞ்சி பூரா இருக்குல்ல. காது மட்டுந்தான் கொஞ்சம் போயிருக்கு. அவருக்கு அந்தக் காது கேக்காது, போனாப் போவுது."

அப்படிச் சொல்லிக்கிட்டே கண்ணாடிய மேசையில வெச்சாங்க. மேசையில தங்கச்சி போட்டோ விரிச்சபடி கெடந்துச்சு. கண்ணாடி அது மேல உக்காந்துச்சு.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குனிஞ்சோம். அப்பா தல தங்கச்சி கைக்கு மேல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் மூச்சப் புடிச்சுக்கிட்டு போட்டோவக் கொஞ்சம் வலப்பக்கமா இழுத்தேன். இன்னும் கொஞ்சம். நாற்காலியில அம்மா. நாற்காலிக்குப் பின்னால, அந்த மெசினு விட்டு வெச்ச வெறும் வானத்துல, எங்கப்பா வந்து நின்னாரு.

தல மத்தவங்கள விட ரெண்டு மடங்கு பெருசு. ஒடம்பு வேற இல்ல. தூணுக்குப் பக்கத்துல பௌர்ணமி நெலா மாதிரி இருந்தாரு. ஆனாலும் வந்துட்டாரு. நான் அம்மாவப் பாத்தேன். அம்மா ஈரத் தலைமயிர ஒரு கையால ஒதுக்கிச் சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

"அந்த டையச் சொரண்டிரு"ன்னாங்க.

பிளேட எடுத்து மயிரிழ மயிரிழையா அந்தச் செவப்பு முடிச்சச் சொரண்டி எடுத்தேன். அடுப்பு வேல, சோத்து வேல எல்லாத்தையும் அம்மாவே பாத்தாங்க, என்னய எந்திரிக்க விடல. ரெண்டு கட்டு லீக்ஸும் அன்னைக்கிச் சுண்டலாச்சு.

தங்கச்சி ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வந்தா. பைய இறக்கி வெக்கல, சுவத்தப் பாத்துட்டா. மிலாறு பிரேம், கம்பி முறுக்கு, உள்ள அவங்க மூணு பேரும். நான் பாடம் பண்ணி வெச்சிருந்த விளக்கத்தையெல்லாம் மூச்சு விடாம சொன்னேன். அவ காதுல விழுந்துச்சோ இல்லையோ. கிட்டப் போயி நின்னா. வெரல கண்ணாடியில வெச்சு அப்பா நெத்தியத் தொட்டா.

"இப்போ கோணல் இல்லக்கா"ன்னா. அவ்வளவுதான், மூக்க உறிஞ்சுனா. நல்ல வேளையா உடனே அவளுக்கு அவ புத்தி வந்துடுச்சு. "ஆனா அப்பா தல மட்டும் ஏன் இந்தப் பெருசு இருக்கு?"

"புள்ள பட்டம் வாங்குனா வீங்காம என்ன பண்ணும்?"ன்னாங்க அம்மா.

மத்தியானம் லயமே வந்துச்சு. எதுத்த காம்பராப் பெரியம்மா பிரேமுக்கு முன்னால நின்னு, கோழிக்கூடப் பத்தி ஒரு வார்த்த பேசாம, "அட, அவரும் போயிருந்தாரா!"ன்னு சந்தோசமாக் கேட்டாங்க. கேட்ட பிறகுதான் வெளங்கி, ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டாங்க. தங்கச்சி சிரிச்ச சிரிப்புல பாயசம் மூக்குல ஏறிடுச்சு. கடிகாரம் குடுத்தவங்க எல்லாம் அவங்கவங்க கடிகாரம் ஏன் சுவத்துல இல்லன்னு ஜாடையாக் கேட்டாங்க. ஆணி இல்லன்னு சொல்லிட்டேன்.

திங்கக்கெழம காலையில தங்கச்சி தூங்கிக்கிட்டு இருந்தா. நான் அடுப்படியில றொட்டி சுட்டுக்கிட்டு இருந்தேன். அம்மா சம்பலத் தொட்டு ஒரு றொட்டியத் தின்னு முடிச்சு, படங்குச் சாக்க மடிச்சு வெச்சு, கூடக் கயித்தத் தலையில மாட்டிக்கிட்டு வழக்கம் போல படத்துக்கு முன்னால வந்து நின்னாங்க. கண்ணாடியக் கழட்டுனதுக்கு இன்னைக்கித் திட்டு அவருக்கு விழுமா எனக்கு விழுமான்னு நான் காதத் தீட்டிக்கிட்டு இருந்தேன்.

எட்டிப் பாத்தேன். அம்மா சீல முந்தானைய இழுத்து ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

"இந்தாங்க"ன்னாங்க, பாதி வாய்க்குள்ள. "மழ வர்ற மாதிரி இருக்கு. நான் போயிட்டு வர்றேன்."

கல்லுல இருந்த றொட்டி கருகிப் போச்சு.